நினைவுள்ள மிக்சர் யாருக்குத் தேவை?

மலேசியாவின் கோத்தா திங்கி வட்டாரத்தில் திருமண விருந்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ வாசிக்கும் தமிழ் இசைக்குழுவின் கித்தார்க்காரர் ஒரே இரவில் பல காலங்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன் நிலாவே' பாட்டுக்குக் கம்பியின் ஒலி துலக்கமாக, கொஞ்சம் எதிரொலியோடு வந்தால் போதும். அடுத்த கால் மணி நேரத்தில் யாராவது மலாய் ராக் கேட்பார்கள். 1981இல் ஜொகூர் பாருவில் உருவான 'செர்ச்' குழுவின் 'இசபெல்லா' என்றால் தனி வாசிப்புக்கு டிஸ்டார்ஷனும் நீண்ட டிலேயும் வேண்டும். அதன் பின் ஒரு குத்துப்பாட்டு. அங்கே நீண்ட எதிரொலி தாளத்தைக் குழப்பிவிடும். இரண்டு பாட்டுக்கு இடையே கிடைப்பது அறிவிப்பாளர் பேசும் நேரம் மட்டும். அதற்குள் நான்கைந்து பெட்டிகளின் குமிழ்களைத் திருப்பி முடிக்க முடியாது. இந்த நெருக்கடிக்குத் தீர்வாகச் சொல்லப்படுவதுதான் புரோகிராம் செய்யக்கூடிய ரேக் மிக்சர். எந்த எஃபெக்ட் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதைப் பாட்டுக்குப் பாட்டு நினைவில் வைத்திருந்து, காலால் ஒரு சுவிட்சை மிதித்ததும் எல்லாவற்றையும் மாற்றித் தரும் பெட்டி அது. விலை அதிகம், கடையில் நினைத்தவுடன் கிடைப்பதும் இல்லை. அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன், வாங்கத்தான் வேண்டுமா என்பதற்கு ஒழுங்கான விடை வேண்டும். என் வாதம் இதுதான்: மிக்சரின் நினைவுக்குக் காசு கொடுக்கும் முன், மற்ற பெட்டிகளில் ஏற்கெனவே இருக்கும் நினைவைக் கணக்கெடுங்கள். அந்தக் கணக்கில் ஓட்டை விழும் இடத்தை அடைக்கத்தான் புரோகிராம் மிக்சர். ஓட்டை இல்லை என்றால் சாதாரண மிக்சரே சரியான மிக்சர்.

கித்தாருக்கு மிக்சர் எதற்கு என்பதே பலருக்குப் புதிராக இருக்கலாம். பாடகர், கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் போய்ச் சேரும் மேடை மிக்சர் வேறு. இங்கே பேசுவது ஒரே கித்தாரின் ஒலியைப் பல கிளைகளாக அனுப்பி மீண்டும் ஒன்றாகச் சேர்க்கும் சின்னப் பெட்டி. எஃபெக்ட்களை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் கோப்பது: கித்தாரிலிருந்து கோரஸ், கோரஸிலிருந்து டிலே, டிலேயிலிருந்து ரிவெர்ப், அங்கிருந்து ஆம்ப். தரையில் பெடல் அடுக்குபவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். இந்த முறையில் முன்னால் இருக்கும் பெட்டி கொடுப்பதைத்தான் பின்னால் இருப்பது வாங்கிக்கொள்ளும். ஒன்றின் இரைச்சலும் குறையும் அடுத்ததற்குப் போய் மேலும் பெருகும். இன்னொன்று பக்கவாட்டு இணைப்பு. கித்தாரின் மூல ஒலி எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாமல் நேராக மிக்சருக்குப் போகிறது. அதன் நகல்கள் டிலேக்கும் ரிவெர்ப்புக்கும் கோரஸுக்கும் தனித்தனியே போய், அங்கிருந்து எஃபெக்ட் ஒலி மட்டும் மிக்சருக்குத் திரும்பி வருகிறது. முதல் முறை எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டிக் கிளறுவது. இரண்டாவது வாழை இலையில் சோற்றை நடுவில் வைத்துக் குழம்பையும் கூட்டையும் வேண்டிய அளவு தனித்தனியே பரிமாறுவது. மூல ஒலியை வாசிப்பவர்கள் 'டிரை' என்றும், எஃபெக்ட் மட்டுமான ஒலியை 'வெட்' என்றும் சொல்கிறார்கள். இந்த இரண்டின் அளவைத் தீர்மானிப்பதே மிக்சரின் வேலை.

டிரை ஒலி சிதையாமல் இருப்பது நம் இசைக்கு இரட்டிப்பு முக்கியம். மேற்கத்திய ராக் இசையில் நீண்டு நிற்கும் ஒரு சுரத்தை எஃபெக்ட் சுற்றி அலங்கரிக்கலாம். சுரம் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். நம் பாட்டில் சுரம் நிற்பதில்லை, அசைகிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போய், தொட்டு, திரும்பி வரும் அந்தக் கமகத்தில்தான் ராகத்தின் அடையாளம் இருக்கிறது. மின்சாரக் கித்தாரில் கர்நாடக இசையைக் கொண்டுவந்த சுகுமார் பிரசாத், அந்த வழியை விரித்து 2006இல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்ற இசைத்தொகுப்பையும் தந்த சென்னை ஐ.ஐ.டி. பட்டதாரி பிரசன்னா, மின்சார மாண்டலினில் உலகம் சுற்றிய உ. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இது புரியும். கம்பியை இழுத்து சுரத்தை வளைக்கும்போது, டிலே பெட்டி அதற்கு அரை வினாடி முன்பு கேட்ட சுரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வளைந்த சுரமும் வளையாத சுரமும் ஒரே பலத்தில் மோதினால் அபசுரம் போலக் கேட்கும். டிலே தணிந்து பின்னால் நின்றால் அதே மோதல் ஆழமாக மாறும். சினிமாப் பாட்டும் பெரும்பாலும் கமகத்தின் மேல் நிற்பதுதான். ஆகவே எஃபெக்ட்டின் அளவைச் சரியாக வைக்கும் வசதி நம் கித்தார்க்காரருக்கு ஆடம்பரம் ஆகாது. வாசிப்பின் பொருளைக் காப்பாற்றுகிற வசதி அது.

இந்தப் பெட்டிகள் வந்த வரலாறு தேர்வுக்கும் உதவும். 1983இல் மிடி என்ற பொது மொழி இசைக்கருவிகளுக்குக் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவிக்குக் கட்டளை அனுப்ப முடிந்தது. அதே பத்தாண்டில் ஸ்டூடியோக்களில் இருந்த டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பெட்டிகள் விலை இறங்கி மேடைக்கு வந்தன. எல்லாம் 19 அங்குல அகலம், 1.75 அங்குலத்தின் மடங்காக உயரம் என்ற ஒரே அளவில் இருந்ததால் ரேக் எனப்படும் ஒரே இரும்புச் சட்டத்தில் அடுக்க முடிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பாப் பிராட்ஷா, ஸ்டீவ் லூகாதர், மைக்கேல் லாண்டாவ் போன்றோருக்கு இப்படிப்பட்ட பெரிய அடுக்குகளைக் கட்டிக் கொடுத்துப் புகழ் பெற்றார். அந்த அடுக்குகளின் நடுவில் மிக்சர் தவிர்க்க முடியாத உறுப்பானது. ரேன் நிறுவனத்தின் எஸ்.எம்.26 போன்ற ஆறு வாயில் மிக்சர்கள் ஒரே ரேக் உயரத்தில் இந்த வேலையைச் செய்தன. அவற்றில் நினைவு கிடையாது, குமிழை எங்கே வைத்தீர்களோ அங்கேயே இருக்கும். நினைவுள்ள மிக்சர்களும் 1980களிலேயே வந்தன. ஆக்காய் எம்.பி.76 ஏழு உள்வாயில்களை ஆறு வெளிவாயில்களுக்கு வேண்டியபடி இணைத்து நினைவில் வைத்தது. பின்னால் வந்த சவுண்ட் ஸ்கல்ப்ச்சர் நிறுவனத்தின் சுவிட்ச்பிளேட், எந்த உள்வாயிலையும் எந்த வெளிவாயிலுக்கும் வேண்டிய அளவில் இணைக்கும் வலைப்பின்னலாக அமைந்தது. இவற்றோடு ஒரு பெட்டியைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: வூடு லேப் ஜி.சி.எக்ஸ். போன்ற லூப் சுவிட்சர். அது எட்டு எஃபெக்ட்களை உள்ளே வெளியே மாற்றும். ஆனால் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலைதான். எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கேட்பவருக்கு முதலில் எட்டுவது அந்த 'எவ்வளவு'தான்.

நினைவுள்ள மிக்சருக்குள் என்ன நடக்கிறது? ஒவ்வொரு வாயிலிலும் கையால் திருப்பும் குமிழுக்குப் பதில், மின்னழுத்தத்தால் ஒலியளவை மாற்றும் வி.சி.ஏ. என்ற சுற்று இருக்கும். அல்லது டிஜிட்டல் முறையில் படிப்படியாக மாறும் மின்தடை இருக்கும். ஒலி அனலாகாகவே ஓடுகிறது. அதன் அளவைக் கட்டுப்படுத்துவது மட்டும் கணினி மூளை. காலடியிலுள்ள மிடி பலகையை மிதித்ததும் நிகழ்ச்சி எண் போகிறது: 128 எண்களில் ஒன்று. மிக்சர் அந்த எண்ணுக்கு உரிய அளவுகளை நினைவிலிருந்து எடுத்து எல்லா வாயில்களையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுகிறது. மிடியின் வேகம் வினாடிக்கு 31,250 பிட். நிகழ்ச்சி எண் கட்டளை ஒரு மில்லி வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியே அளவுக் கட்டளை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு மில்லி வினாடி ஆகும். அதனால்தான் நினைவு மிக்சரிலேயே இருப்பது சுத்தமான ஏற்பாடு. வேண்டுமானால் ஒரு கால் மிதியைக் கொண்டு டிலேயின் அளவைப் பாட்டின் நடுவில் மெல்ல உயர்த்தவும் இறக்கவும் முடியும். மிடியில் அந்த அளவு 0 முதல் 127 வரை படிகளாக மாறும். நல்ல மிக்சர் அந்தப் படிகளுக்கு நடுவே வழவழப்பாக நகரும். மட்டமானதில் மிதியை அசைக்கும்போது 'கிர்ர்' என்று ஜிப் இழுக்கும் சத்தம் கேட்கும். வாங்கும் முன் சோதிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

இப்போது கணக்குக்கு வருவோம். கித்தார்க்காரரிடம் ஒரு டிஜிட்டல் டிலேயும் ஒரு டிஜிட்டல் ரிவெர்ப்பும் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் மிடி உண்டு, நினைவு உண்டு. டிலேயின் 12ஆம் நினைவில் நேரம், மறு எதிரொலியின் எண்ணிக்கை ஆகியவற்றோடு வெளியீட்டு அளவும் சேர்ந்தே பதிவாகிறது. ரிவெர்ப்பிலும் அப்படியே. இரண்டையும் எஃபெக்ட் ஒலி மட்டும் தரும்படி வைத்து, நினைவில்லாத ஒரு சாதாரண லைன் மிக்சரில் டிரை ஒலியோடு சேர்த்தால் என்ன ஆகிறது? காலால் ஓர் எண்ணை மிதித்ததும் டிலே தன் அளவையும், ரிவெர்ப் தன் அளவையும் தாமே மாற்றிக்கொள்கின்றன. மிக்சரின் குமிழ்கள் அசையவே தேவையில்லை. எஃபெக்ட் வேண்டாத பாட்டுக்கு வெளியீட்டு அளவு பூஜ்ஜியமாக ஒரு நினைவு வைத்தால் போதும். நினைவு ஏற்கெனவே இரண்டு இடங்களில் இருக்கிறது. மூன்றாவது இடத்தில் அதற்கே மீண்டும் காசு கொடுப்பதில் பொருளில்லை. பல வாங்குபவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பெயர் பெற்ற கித்தார்க்காரரின் அடுக்கில் பார்த்த மிக்சர் தமக்கும் வேண்டும் என்று தோன்றுகிறது. அவருடைய அடுக்கில் என்னென்ன நினைவில்லாத பெட்டிகள் இருந்தன என்று பார்ப்பதில்லை.

ஓட்டை விழும் இடங்கள் மூன்று. முதலாவது, நினைவே இல்லாத நல்ல பெட்டிகள். ரோலண்ட் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த ஆர்.இ.201 டேப் எக்கோ, 1976இல் வந்த பாஸ் சி.இ.1 கோரஸ், ஸ்பிரிங் ரிவெர்ப் போன்றவற்றுக்கு ஒலியளவைக் கையால்தான் மாற்ற முடியும். இவற்றின் இனிமைக்காகவே ஒருவர் இவற்றை வைத்திருந்தால், பாட்டுக்குப் பாட்டு அளவு மாற்றித் தர மிக்சருக்குத்தான் நினைவு வேண்டும். இரண்டாவது, எதிரொலியின் வால். பாட்டின் தனி வாசிப்பு முடிந்து அடுத்த எண்ணை மிதித்ததும், அதுவரை ஒலித்த டிலே 'டக்' என்று வெட்டுப்பட்டால் காதுக்கு உறுத்தும். டிலேக்குப் போகும் வழியை மட்டும் மூடிவிட்டு, திரும்பி வரும் வழியைத் திறந்தே வைத்தால் கடைசிச் சுரங்களின் எதிரொலி இயல்பாகத் தேய்ந்து மறையும். போகும் அளவையும் வரும் அளவையும் தனித்தனியே நினைவில் வைக்கும் மிக்சர் இதைச் செய்யும். மூன்றாவது, இணைப்பின் வரிசையே மாற வேண்டிய தேவை: ஒரு பாட்டில் டிலேயும் ரிவெர்ப்பும் பக்கவாட்டில், இன்னொன்றில் டிலேயின் ஒலி ரிவெர்ப்புக்குள் போக வேண்டும். இதற்கு வலைப்பின்னல் வகை மிக்சர் தவிர வேறு எளிய வழி இல்லை. இந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் அன்றாடத் தேவையாக இருந்தால் புரோகிராம் மிக்சர் தன் விலைக்கு ஈடாக உழைக்கும்.

இரைச்சலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். மிக்சருக்குள் திரும்பி வரும் ஒவ்வொரு வாயிலும், எஃபெக்ட் ஒலிக்காதபோதும் கொஞ்சம் 'ஸ்ஸ்' இரைச்சலைக் கொண்டுவரும். சம அளவு இரைச்சலுள்ள இரண்டு வாயில்கள் சேர்ந்தால் மொத்தம் 3 டெசிபெல் கூடும். நான்கு சேர்ந்தால் 6 டெசிபெல். பயன்படாத வாயிலை அந்தப் பாட்டுக்கு முழுதாக மூடிவிடும் மிக்சர் மென்மையான பாட்டுகளில் மேடையை அமைதியாக்கும். பழைய அனலாக் பெட்டிகளில் இந்தப் பயன் நன்றாகத் தெரியும். இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. "பின்னால் உதவுமே, பெரியதாகவே வாங்கிவிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. எட்டு வாயில் தேவைப்படும் இடத்தில் பதினாறு வாங்கினால், திறந்து கிடக்கும் ஒவ்வொன்றும் இரைச்சலுக்கு ஒரு வழி, பழுதாக ஓர் இடம், சட்டத்தில் கூடுதல் எடை. கணக்கு எளிது. இரண்டு பக்க ஒலி தரும் ஒவ்வோர் எஃபெக்டுக்கும் இரண்டு வாயில், ஒரு பக்க ஒலிக்கு ஒன்று, டிரைக்கு ஒன்று. ஒரு டிலே, ஒரு ரிவெர்ப், ஒரு கோரஸ் எல்லாம் இரண்டு பக்க ஒலி என்றால் ஏழு. எட்டு வாயில் மிக்சர் அதற்குப் போதும். விருந்து மண்டபங்களின் ஒலிபெருக்கி பெரும்பாலும் ஒரே பக்க ஒலியாக இணைக்கப்படுவதையும், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் என்பதையும் நினைத்தால், ஒரு பக்க ஏற்பாடே போதும் என்ற முடிவுக்குப் பலர் வரலாம். அப்போது நான்கு வாயிலே போதும், விலையும் இறங்கும்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. "இன்றைக்கு மல்டி எஃபெக்ட், மாடலர் எல்லாம் வந்துவிட்டன. 2015இல் வந்த லைன் 6 ஹீலிக்ஸ் போன்ற ஒரே பலகைக்குள் ஆம்பும் எஃபெக்டும் பக்கவாட்டு இணைப்பும் மிக்சரும் நினைவும் எல்லாம் இருக்கின்றன. ரேக் கட்டி முதுகு ஒடிய வேண்டுமா?" இதில் பெரும் பகுதி உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எஃபெக்ட் பெட்டிகள் எதுவும் கையில் இல்லாமல், புதிதாகத் தொடங்கும் இளைஞருக்கு நான் சொல்லக்கூடியது அந்தப் பலகையைத்தான். ரேக் மிக்சரை அவருக்குப் பரிந்துரைப்பது நியாயமாகாது. ஆனால் இந்த மறுப்பு இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஏற்கெனவே பல ஆண்டுகளாகச் சேர்த்த நல்ல பெட்டிகள் உள்ளவர், அவற்றை விற்றுவிட்டுப் புதியதை வாங்கினால் பெறுவதைவிட இழப்பது அதிகமாகலாம். இன்னொன்று, எல்லாம் ஒரே பலகையில் இருந்தால் அது நின்றுபோகும் இரவில் எல்லாம் நின்றுவிடும். தனித்தனிப் பெட்டிகளும் நேராக ஓடும் டிரை ஒலியும் உள்ள அடுக்கில் டிலே நின்றுபோனாலும் கித்தார் பேசிக்கொண்டே இருக்கும், நிகழ்ச்சி தொடரும். மிக்சரே நின்றுபோனால் என்ன என்று கேட்பது நியாயம். டிரை ஒலியைக் கித்தாரின் ப்ரீஆம்ப்பிலிருந்து நேராக ஆம்ப்புக்கு மாற்ற ஒரு கேபிள் பையில் இருந்தால் அந்தக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. மேலும், மாடலர் வாங்கினாலும் மேலே சொன்ன கணக்கு மாறாது. அதன் உள்ளேயும் டிரை, வெட், போகும் அளவு, வரும் அளவு எல்லாம் அதே முறையில்தான் ஓடுகின்றன. இந்த அடிப்படை தெரிந்தவர் அந்தப் பலகையையும் நன்றாக ஆள்வார்.

வாங்குவது என்று முடிவானபின் பார்க்க வேண்டியவற்றில் முதன்மை டிரை ஒலியின் வழி. அது தொடக்கம் முதல் முடிவு வரை அனலாகாகவே இருக்க வேண்டும். ஒலியை எண்களாக மாற்றி மீண்டும் ஒலியாக்கும் டிஜிட்டல் பெட்டிக்கு அதற்கே ஒன்றிரண்டு மில்லி வினாடி ஆகலாம். அந்தப் பெட்டி வெட் ஒலியோடு டிரை ஒலியையும் கலந்து அனுப்பினால், நேராக வந்த டிரையும் தாமதித்து வந்த டிரையும் மிக்சரில் சந்திக்கும். தாமதம் ஒரு மில்லி வினாடி என்றால் 500 ஹெர்ட்ஸ், 1,500 ஹெர்ட்ஸ், 2,500 ஹெர்ட்ஸ் என்று சில ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கித்தாரின் மெல்லிய முதல் கம்பியில் ஏழாவது ஃப்ரெட்டில் வரும் சுரம் கிட்டத்தட்ட 494 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் வாசிக்கும்போது ஒலி உள்வாங்கிப்போகும். 'மிக்சர் மோசம்' என்று பலர் குறை சொல்லும் மெலிந்த ஒலிக்கு இதுவே அடிக்கடி காரணம். ஆகவே எல்லா எஃபெக்டும் நூற்றுக்கு நூறு வெட் ஆக வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத பெட்டியைப் பக்கவாட்டில் இணைக்காமல் வரிசையிலேயே வைப்பது நல்லது. டிஸ்டார்ஷனும் அப்படித்தான்: அது ஒலியின் உருவத்தையே மாற்றுகிறது, எனவே பிரிப்பதற்கு முன்னால், வரிசையில்தான் அதற்கு இடம்.

அடுத்தது அளவுப் பொருத்தம். ஸ்டூடியோ தரக் கருவிகள் பேசும் அளவு +4 டி.பி.யு, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டுத் தரக் கருவிகளின் அளவு −10 டி.பி.வி, சுமார் 0.32 வோல்ட். இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு வித்தியாசம். முதல் வகை அளவை ஒரு சாதாரண தரைப் பெடலுக்குள் அனுப்பினால் அது திணறிக் கரகரக்கும். இரண்டாம் வகையைப் பெரிய மிக்சருக்கு அனுப்பினால் ஒலி தாழ்ந்து இரைச்சல் மேலெழும். ஒவ்வொரு வாயிலிலும் அளவைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் உள்ள மிக்சர் இந்தத் தொல்லையைத் தீர்க்கும். கித்தாரை நேராக லைன் மிக்சரில் செருகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கித்தாரின் பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒரு மெகா ஓம் தடையுள்ள வாயில் வேண்டும். லைன் மிக்சரின் தடை பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்கே. நேராகச் செருகினால் ஒலி மங்கிப்போகும். கித்தார், ப்ரீஆம்ப், பிறகு மிக்சர்: அதுவே வரிசை. பல பெட்டிகளைப் பல மின்செருகிகளில் இணைத்தால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஹம் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே மின்பலகையில் இணைப்பதும், தேவையான இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசோலேட்டர் வைப்பதும் முறை. மின் செருகியின் எர்த் முள்ளைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தான குறுக்குவழி. எந்த நிலையிலும் செய்யக் கூடாது.

நம் ஊருக்கே உரிய நிபந்தனைகளும் உண்டு. பழைய நினைவு மிக்சர்கள் பலவும் ஜப்பானிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இரண்டாம் கையாக வருகின்றன. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட்; மலேசியாவில் 230 வோல்ட். பின்பக்கம் எழுதியிருக்கும் எண்ணைப் பாராமல் செருகினால் அந்தப் பெட்டியின் ஆயுள் அங்கேயே முடியும். சிங்கப்பூரில் மின்னழுத்தமும் மூன்று முள் செருகியும் நம்முடையதைப் போன்றவையே என்பதால், அங்கே விற்கப்பட்ட பெட்டிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஈரம் இன்னொன்று. ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும் பகுதி இது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகிக் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து இரண்டு முறை வெள்ளத்தில் மூழ்கியதை ஊர் மறக்கவில்லை. ரேக் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைப்பதும், மூடியுள்ள பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளைப் போடுவதும் எளிய காப்பு. பழைய மிக்சர்கள் பலவற்றில் நினைவைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. அது தீர்ந்தால் எல்லாப் பாட்டின் அளவுகளும் ஒரே நாளில் அழியும். கசிந்தால் பலகையையே அரிக்கும். வாங்கியவுடன் பேட்டரியை மாற்றுவதும், நினைவை மிடி வழியாகக் கணினியில் நகல் எடுத்து வைப்பதும், எல்லா அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பதும் நல்ல பழக்கம். ஜொகூர் பாரு சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு. அங்கே பழுது பார்ப்பவர் இருந்தாலும், வழக்கொழிந்த சிப் உள்ள பெட்டிக்கு உதிரிப் பொருள் கிடைப்பது அரிது. எளிதில் கிடைக்கும் பாகங்களால் ஆன, திறந்து பார்க்கக்கூடிய மிக்சருக்கு இந்தத் தொலைவில் கூடுதல் மதிப்பு உண்டு.

கடைசி மறுப்பு எல்லாவற்றையும்விட எளியது: "விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டிலே கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்?" டிலேயின் அளவை அவர்கள் தனியாகக் கேட்க மாட்டார்கள் என்பது சரி. ஆனால் பாடகரின் சொல் புரியவில்லை என்பதை உடனே கேட்பார்கள். கித்தாரின் எதிரொலி மிகுந்தால் முதலில் மூழ்குவது பாட்டின் வரிதான். தமிழ்ப் பாட்டைச் சொல்லுக்காகவே கேட்பவர்கள் நம்மிடம் ஏராளம். மேடைக்கு முன்னால் உட்கார்ந்து வரிகளை வாயசைக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அந்த வரி கேட்டாக வேண்டும். பாடகர் பாடும்போது டிலே தணிந்து, இடையிசையில் எழுந்து, மறுபடி பாடகர் வந்ததும் அடங்குவது அவருக்கு நாம் காட்டும் மரியாதை. காசுக்கும் கணக்குக்கும் அப்பால், இந்த மிக்சரைப் பற்றி அக்கறையோடு பேசுவதற்குக் காரணம் அதுவே. கித்தார்க்காரர் தன் ஒலியைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியாக இதைப் பார்த்தால் தவறான பெட்டியை வாங்குவார். பாட்டுக்குள் தன் இடத்தை அளந்து நிற்க உதவும் கருவியாகப் பார்த்தால், தேவையான அளவுக்கு மட்டும் வாங்குவார்.

ஆகவே முடிவெடுக்கும் வரிசை இப்படி இருக்கலாம். உங்கள் குழு வாசிக்கும் பாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த எஃபெக்ட், எவ்வளவு, எங்கே மாற வேண்டும் என்று குறியுங்கள். அடுத்து, உங்கள் பெட்டிகளில் எவை வெளியீட்டு அளவைத் தம் நினைவில் வைக்கும், எவை வைக்காது என்று பிரியுங்கள். நினைவுள்ளவை மட்டும் என்றால் ஒரு சாதாரண லைன் மிக்சர், ஒரு மிடி கால்பலகை. அத்தோடு வேலை முடிந்தது. நினைவில்லாதது ஒன்றே ஒன்று என்றால், அதன் திரும்பும் வழியில் மிடி கேட்கும் ஒரு சிறு ஒலியளவுப் பெட்டி போதுமா என்று பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, வால் வெட்டுப்படாமல் தேய வேண்டுமென்றாலோ, இணைப்பு வரிசை மாற வேண்டுமென்றாலோ, அப்போது புரோகிராம் மிக்சரைத் தேடுங்கள். தேடும்போது டிரை வழி, வாயில் எண்ணிக்கை, அளவுப் பொருத்தம், மின்னழுத்தம், பேட்டரி, உதிரிப் பொருள் என்ற வரிசையில் பாருங்கள். பெயரும் புகழும் அதற்குப் பிறகு. மிச்சமாகும் வெள்ளியை நல்ல கேபிளுக்கும், குழுவோடு கூடுதல் ஒத்திகைக்கும் செலவிடுங்கள். பாட்டுக்குப் பாட்டு எந்த அளவு சரி என்பதைக் காது முடிவு செய்வது அந்த ஒத்திகையில்தான். எந்த மிக்சரும் அதை நினைவில் வைக்க மட்டுமே முடியும்.